வாக்குச்சீட்டுக்கு முன் ஓர் அட்டை: மலாயாத் தமிழ்ப் பெண்களும் வாக்குரிமையும்

மலாயாவில் பெண்களின் வாக்குரிமைக்காக எழுந்த இயக்கம் எது என்று வரலாற்றில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். லண்டனில் நடந்ததைப் போல இங்கே பெண்கள் வாக்குக் கேட்டுச் சிறைக்குப் போகவில்லை. சென்னை அடையாற்றில் தொடங்கியதைப் போல அந்தக் கோரிக்கையைத் தலையில் சுமந்த சங்கம் ஒன்றும் இங்கே எழவில்லை. 1955 ஜூலை 27 அன்று மலாயாக் கூட்டரசின் முதல் பொதுத்தேர்தல் வந்தது. ஆண்களும் பெண்களும் ஒரே நாளில், ஒரே சட்டத்தின் கீழ் வாக்களித்தார்கள். இதை வைத்து, இந்நாட்டுப் பெண்களுக்கு வாக்கு போராடாமலே கிடைத்துவிட்டது என்று எழுதிச் செல்கிறவர்கள் பலர்.

தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. அந்தத் தேர்தலில் பதிவான வாக்காளர்கள் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் இந்தியர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. நாட்டு மக்களில் அப்போது நூற்றுக்குப் பதினொருவர் இந்தியர். பால்மரம் வெட்டியவர்கள், புல் பிடுங்கியவர்கள், ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்காட்டுக்கு ஓடியவர்கள் ஆகியோரில் பெரும்பாலோர் அந்த வாக்காளர் பட்டியலில் இல்லை. பெண் என்பதற்காக அவர்களை யாரும் நிறுத்தவில்லை. நீ இந்த நாட்டுக்காரிதானா என்று சட்டம் கேட்டது, காகிதம் காட்டு என்றது. கையில் காகிதம் இல்லை.

ஆகவே மலாயாத் தமிழ்ப் பெண்ணின் வாக்குரிமை வரலாற்றை வாக்குச்சாவடியில் மட்டும் தேடினால் கிடைக்காது. சம்பள நாளிலும், போர்ப்பாசறையிலும், குடியுரிமை முகப்பிடத்திலும், திருமணப் பதிவேட்டிலும் அது சிதறிக் கிடக்கிறது. அந்த வரலாறு இன்னும் முடியவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் கடலுக்கு அக்கரையைப் பார்க்க வேண்டும். 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோரோடு அம்மு சுவாமிநாதனும் அதன் தொடக்ககாலத் தூண்களில் ஒருவர். அந்த ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று, சென்னைக்கு வந்திருந்த இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து, ஆண்களுக்குத் தரும் வாக்கைப் பெண்களுக்கும் தர வேண்டும் என்று கேட்டது. 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் தானே முடிவெடுக்காமல் அந்தப் பொறுப்பை மாகாணங்களிடம் தள்ளியது. 1921-ல் பெண்களுக்கான தடையை முதலில் நீக்கிய மாகாணச் சட்டமன்றம் சென்னையுடையது. தமிழர் பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் வாக்குக்குச் சொத்தும் வரியும் தகுதியாக இருந்தன. சொந்தமாக நிலமோ வரி ரசீதோ இல்லாத பெண்ணுக்கு அந்தச் சீர்திருத்தம் எட்டவில்லை. அதே ஆண்டுகளில் அதே மாகாணத்திலிருந்து, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கிய பெண்கள் இப்படிப்பட்டவர்கள்தாம். போர்ட் சுவெட்டன்ஹாம் என்பதுதான் இன்றைய போர்ட் கிள்ளான்.

இலங்கையின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1927 டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டு அச்சங்கத்தின் ஆக்னஸ் டி சில்வாவும் தோழியரும், அரசியல் சீர்திருத்தத்தை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். தோட்டத்தில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற பொருளில் ஆக்னஸ் தயங்காமல் பதில் சொன்னார். மேட்டுக்குடியில் பிறந்த ஒரு பெண் தேயிலைத் தோட்டத்துத் தமிழச்சியையும் தன்னோடு சேர்த்து எண்ணிய அந்தக் கணத்தை, உலக வாக்குரிமை வரலாற்றின் உயர்ந்த இடங்களில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். தமிழ்ப் பெருந்தலைவரான பொன்னம்பலம் இராமநாதனோ எல்லோருக்கும் வாக்கு என்பதையே எதிர்த்தார். 1931-ல் 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குக் கிடைத்தது. 1932-ல் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கில் வென்று அரசுப் பேரவைக்குள் போனார்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949-ல் அவர்களுடைய வாக்கும் போயிற்று. பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் வாக்களித்த பெண்கள் அடுத்த தேர்தலில் பட்டியலில் பெயர் இல்லாமல் நின்றார்கள். குடியுரிமை உறுதியாக இல்லாத இடத்தில் வாக்குரிமை நிலைக்காது என்று இலங்கை காட்டியது. மலாயாவில் குடியுரிமை பற்றிய பேரம் சூடாக நடந்துகொண்டிருந்த காலமும் அதுவே. இன்னொரு தொடர்பும் உண்டு. சுதந்திர இலங்கையின் அரசியலமைப்புக்கு ஆலோசனை சொன்ன ஐவர் ஜென்னிங்ஸ், பின்னர் மலாயாவின் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்திலும் உறுப்பினர். அந்த ஆணையத்தில் ஐந்து பேர். ஐவரும் ஆண்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1920-களின் இறுதியில் முக்கியத் தோட்ட வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளிக்கு நாட்கூலி இவ்வளவு என்று வரையறுத்தார்கள். ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விலைவாசி பெண்ணுக்கென்று குறையவில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது இருவரும் ஒரே நேரத்தில்தான் நிற்க வேண்டும். வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டி, குழந்தையைக் குளிப்பாட்டி, மறுநாள் கஞ்சிக்குப் பார்ப்பது அவள் தலையில். பத்துக் காசு வித்தியாசம் அரசின் ஏட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது இந்தக் கூலியும் வெட்டப்பட்டது.

தமிழ்ப் பெண்ணின் உரிமை பற்றிய பேச்சு வெளியிலிருந்தும் வந்துசேர்ந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் பெரும்பாலும் நகர்ப்புறத்துக்காரர்கள், கிராணிகள் எனப்பட்ட எழுத்தர்கள், சிறு வணிகர்கள். ஆனாலும் பெண் படிக்க வேண்டும், கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளலாம் என்ற பேச்சு கூட்டங்களிலும் தமிழ் ஏடுகளிலும் ஏறிவிட்டது. 1924-ல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட தமிழ் நேசன் அந்த ஏடுகளில் ஒன்று.

அந்த ஏட்டில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாக 1941-ல் நடத்திய வேலைநிறுத்தம் கிள்ளான் தமிழர் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. அந்தக் கோரிக்கைப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி ஆகியவை இருந்தன. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். அவற்றோடு இன்னொன்று: தோட்டத்து அதிகாரிகள் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். பல தலைமுறையாக, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சுவர்களுக்குள் அழுது அடக்கப்பட்ட ஒன்று, கோரிக்கை எண் போட்ட தாளில், ஆங்கில அரசின் மேசைக்குப் போனது அப்போதுதான். நாதனைக் கைது செய்தார்கள், நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் படை இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். கிள்ளான் வட்டாரத்துப் பெண்களின் அரசியல் வரலாற்றை எழுதுகிறவர் யாராயினும் அந்தக் கோரிக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். தன் உடல் மேல் தனக்கு உரிமை உண்டு என்று கூட்டாகச் சொல்ல முடிந்த சமூகத்தில்தான் வாக்கு என்பதற்கும் பொருள் வரும்.

இரண்டே ஆண்டுகளில் காட்சி மாறியது. ஜப்பானியர் ஆட்சியின் கீழ், 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து, பெண்களுக்கென்று ஜான்சி ராணிப் படை அமைக்கப்போவதாக அறிவித்தார். அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கியது. தலைவி கேப்டன் லட்சுமி சுவாமிநாதன், அடையாற்றுச் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான அம்மு சுவாமிநாதனின் மகள். தாய் சென்னையில் சொத்துள்ள பெண்களுக்கு வாக்குக் கேட்டார். மகள் மலாயாவில் சொத்தே இல்லாத தோட்டத்துப் பெண்களின் கையில் துப்பாக்கி கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்து, முகாமில் எழுத்தைக் கற்ற பெண்களும் அந்தப் படையில் இருந்தார்கள். ரோமன் எழுத்தில் இந்துஸ்தானி, அணிவகுப்பு, துப்பாக்கி, தாதிமை எல்லாம் ஒரே இடத்தில்.

கோலாலம்பூரில் பிறந்த ஜானகி அப்போது பதினெட்டு வயதுப் பெண். போஸ் பேசிய கூட்டத்தில் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். வசதியான வீட்டுப் பெண், தந்தைக்கு விருப்பமில்லை. ஆனாலும் படையில் சேர்ந்து, பின்னர் பர்மாவில் பொறுப்பான பதவிக்கு உயர்ந்தார். ராசம்மா நவரத்தினம் (பின்னாளில் ராசம்மா பூபாலன்) இன்னொருவர். படித்த குடும்பத்துப் பதின்வயதுப் பெண். இந்தப் படை போர்க்களத்தில் என்ன சாதித்தது என்று கேட்பவர்களுக்கு நீண்ட விடை கிடைக்காது. ஆனால் 1945-க்குப் பிறகு இந்நாட்டில் பொதுவாழ்வுக்கு வந்த தமிழ்ப் பெண்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அந்த முகாமின் வாசல் வழியாக வந்தவர்கள் முன்வரிசையில் நிற்பது தெரியும். 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) பிறந்தபோது ஜானகி அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆதி நாகப்பனை மணந்து, பின்னாளில் மேலவை உறுப்பினரானார். ராசம்மா பூபாலன் ஆசிரியை ஆனார்; அவரிடம் பிறகு வருகிறேன்.

மலாய்ப் பெண்களும் அதே ஆண்டுகளில் எழுந்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1946-ல் பிரிட்டிஷாரின் மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அவாஸ் என்ற அமைப்பில் ஆயிஷா கனி, சம்சியா ஃபாக்கே போன்றோர் இயங்கினார்கள். மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் மகளிர் பிரிவு வீடு வீடாகப் போய் வாக்குச் சேகரித்தது. 1955-ல் அம்னோ அங்கம் வகித்த கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. வென்றவர்களில் பெண் ஒருவர் மட்டுமே, உலு சிலாங்கூரில் நின்ற ஹலிமாத்தோன் அப்துல் மஜித். பெண்களுக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்று வாதாடிய கத்தீஜா சிடேக் 1956-ல் அம்னோவிலிருந்து நீக்கப்பட்டார்.

தமிழ்ப் பெண்ணுக்கு முன்னால் இருந்த சுவர் வேறு வகையானது. 1948-ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசு ஒப்பந்தத்தின் கீழ், வெளியே பிறந்து இங்கே வந்தவர் குடியுரிமை கேட்டால், முந்தைய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மலாயோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் இருந்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலேயே இரண்டு வகுப்புக்கு மேல் போகாதவள். மலாய்க்காரர் கம்பத்துக்கும் அவள் லயத்துக்கும் இடையே காடு. கல்யாணமாகி ஒரு தோட்டம், கங்காணியோடு சண்டை வந்து இன்னொரு தோட்டம், மகன் வேலை தேடிப் போன மூன்றாவது தோட்டம். செக்ரோல் என்ற ஒவ்வொரு தோட்டத்து வருகைப் பதிவேட்டிலும் கிராணி தன் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். முத்தம்மா ஓரிடத்தில் முத்தாயி, மற்றோரிடத்தில் முத்தம்மாள். பதினைந்து ஆண்டை அவள் எதைக் கொண்டு காட்டுவாள்?

1952-ல் விதிகள் ஓரளவு தளர்ந்தன. 1957 அரசியலமைப்பு இன்னும் திறந்தது. அன்றைய விதிப்படி, 1957 ஆகஸ்டு 31-க்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளை குடிமகனானது. அதற்கு முன் பிறந்தவர்களும் நெடுநாள் வாழ்ந்தவர்களும் பதிந்துகொள்ளலாம். முதலாண்டுக்குள் விண்ணப்பித்தால் பலருக்கு மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அந்த ஓராண்டு பொன்னான வாய்ப்பு. தொழிற்சங்கத்தாரும் ம.இ.கா. கிளைகளும் தமிழாசிரியர்களும் பாரம் நிரப்பிக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் தமிழ் முரசு ஆசிரியர் கோ.சாரங்கபாணி அதே காலத்தில் தமிழர்களைக் குடியுரிமை எடுக்கச் சொல்லி ஓயாமல் எழுதினார். 1959 தேர்தலில் இந்திய வாக்காளர் பங்கு சுமார் 7 விழுக்காட்டுக்கு ஏறியது.

ஆனாலும் பலர் பதியவில்லை. ஊருக்குத்தானே திரும்பப் போகிறோம் என்று இருந்தவர்கள் உண்டு. விஷயமே தெரியாதவர்களும் உண்டு. குடும்பத்தில் ஆண் பதிந்தால் போதும், பொம்பளைக்கு எதற்கு என்ற எண்ணமும் தன் வேலையைச் செய்தது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நகரத்துக்குப் போகிறவர் யார் என்று வீட்டில் கேள்வி வந்தால், பெரும்பாலும் அவள் போகமாட்டாள். 1969 கலவரத்தை அடுத்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது இதன் விலை தெரிந்தது. சுமார் 60 ஆயிரம் இந்தியர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இருந்தவர்களில் பலர் கையில் சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி என்று பெயர், வாக்கு கிடையாது.

இதற்கிடையில் நகரத்தில் ஒரு கதவு திறந்தது, அதுவும் விரைவில் மூடியது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரின் முதல் நகராட்சித் தேர்தல். பங்சார், இம்பி, பெட்டாலிங், செந்தூல் என்று நான்கு வட்டாரம், பன்னிரண்டு இடம். 1950-களின் இந்த நகராட்சித் தேர்தல்களின் வழியாகத்தான் தேவகி கிருஷ்ணன் மன்றத்துக்குள் வந்தார். மலாயாவில் பொதுப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் என்று அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். பின்னாளில் ம.இ.கா. மகளிர் பகுதியின் முதல் தலைவியாகவும் இருந்து, நூறு வயதைத் தொட்டு 2024-ல் மறைந்தார். ரயில்வே குடியிருப்புகளும் விவேகானந்தர் ஆசிரமமும் தமிழ்ப் பள்ளிகளும் சூழ்ந்த பிரிக்ஃபீல்ட்ஸ் போன்ற பகுதிகளைக் கொண்ட அந்த நகரம் ஒரு பெண்ணை நம்பி வாக்களிக்கத் தயங்கவில்லை.

நகராட்சி மன்றம் பெண்ணுக்கு ஏற்ற முதல் படி. குடிநீர், வடிகால், சந்தை, தெருவிளக்கு எல்லாம் அவள் அன்றாடம் முட்டி மோதுகிற விஷயங்கள். கோடிக்கணக்கில் செலவு வேண்டாம், வட்டாரத்தில் முகம் தெரிந்தால் போதும். 1965-ல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு உள்ளாட்சி பற்றி ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், ஜான்சி ராணி ஜானகியின் கணவர். மக்கள் தேர்ந்தெடுக்கும் உள்ளாட்சியே வேண்டும் என்று அந்த ஆணையம் 1968-ல் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகரமாக உயர்ந்தது. அதன் மன்ற உறுப்பினர்கள் இன்றும் நியமிக்கப்படுகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தப் படி இல்லாததால் எத்தனை தேவகிகள் உருவாகாமல் போனார்கள் என்று கணக்கிட வழியில்லை. தமிழ்ப் பெண்களின் அரசியல் வளர்ச்சிக்கு நேர்ந்த பெரிய இழப்பு இதுவே என்று நான் கருதுகிறேன். இதைப் பற்றித்தான் நம் சங்கங்கள் மிகக் குறைவாகப் பேசுகின்றன.

வாக்குப் பெற்ற பெண்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதற்கு ராசம்மா பூபாலன் நல்ல சான்று. அரசுப் பணியில் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். திருமணம் செய்துகொண்ட ஆசிரியைக்கு நிரந்தரப் பணியும் போய்விடும், தற்காலிக ஊழியராகத் தொடர வேண்டும். 1960-ல் ராசம்மா பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி அதன் தலைவியானார். 1963-ல் உருவான தேசிய மகளிர் அமைப்புகள் மன்றத்திலும் தொடக்கத்திலிருந்தே முன்னின்றார். 1969-ல் அரசுப் பணியில் சம ஊதியம் ஏற்கப்பட்டது. வரையறுத்த கூலியில் பத்துக் காசு குறைவாகப் பெற்ற தோட்டப் பெண்ணின் வழக்கைப் பள்ளிக்கூடத்து ஆசிரியை வென்றார் என்று சொல்லலாம்; ஆனால் அந்த வெற்றி தோட்டத்துக்குள் அதே வேகத்தில் போகவில்லை. சங்கம் வைக்கத் தெரிந்த, ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்த பெண்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தது.

அதே மன்றமும் பிற மகளிர் அமைப்புகளும் வலியுறுத்திய இன்னொரு சீர்திருத்தம், முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டம். 1982 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமாயிற்று. பதிவு கட்டாயமாயிற்று. மிக நல்ல சட்டம். ஆனால் கோயிலில் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது என்று வாழ்ந்த குடும்பங்கள் அப்படியே தொடர்ந்தன. வாக்குரிமைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். இதைப் போன்றவை காப்பார், பந்திங் வட்டாரங்களில் உண்மையிலேயே உண்டு.

லயத்து வீட்டில் மருத்துவச்சி பிரசவம் பார்த்து ஒரு பெண் பிறக்கிறாள். பிறப்பு பதியப்படவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை இல்லை. இருபது வயதில், குடிமக்களுக்குரிய நீல அட்டை வைத்திருக்கும் ஒருவரைக் கோயிலில் மணக்கிறாள். பதிவாளர் அட்டை கேட்பார் என்பதால் பதிவுக்குப் போகவில்லை. பிள்ளை பிறக்கிறது. பெற்றோர் திருமணம் பதியப்படாததால் சட்டத்தின் கண்ணில் தந்தையின் குடியுரிமை பிள்ளைக்கு வராது, தாயின் நிலையே வரும். தாய்க்கோ காகிதமே இல்லை. தந்தை மலேசியர், பிறந்தது மலேசியா, பிள்ளை மட்டும் குடிமகன் அல்ல என்று பத்திரத்தில் அச்சாகிறது. பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனைக் கட்டணம், வங்கிக் கணக்கு, வேலை, கடைசியில் வாக்கு வரை எல்லாம் அடைபடுகின்றன. ஒரு பெண்ணின் காகிதமின்மை அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது.

இதன் மறுபக்கம் மலேசியத் தாய்மார்கள் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைகளின் வழக்கு. தந்தை மலேசியராக இருந்தால் குடியுரிமை உண்டு, தாய் மட்டும் மலேசியரென்றால் இயல்பாகக் கிடையாது என்பதே விதியாக இருந்தது. 2001-ல் அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவில் பாலினப் பாகுபாடு கூடாது என்று சேர்த்த பிறகும் இது நீடித்தது. தாய்மார்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் 2024 அக்டோபரில் மக்களவை அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. பதியாத திருமணத்தில் தாயை மட்டும் பார்த்த சட்டம், வெளிநாட்டுப் பிறப்பில் தாயைப் பார்க்கவே மறுத்தது. இரண்டிலும் சுமை பெண் மேல்தான் விழுந்தது. அந்தத் திருத்தத்தை மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். அதே திருத்தத்தில், இங்கே நிரந்தரவாசிகளுக்குப் பிறக்கும் பிள்ளை தானாகவே குடிமகனாகும் வழி எடுக்கப்பட்டது. சிவப்பு அட்டைக் குடும்பங்களுக்கு இதன் பொருள் என்ன என்று நம் தமிழ் அமைப்புகள் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

தேர்தலில் நிற்பது பற்றியும் சிறிது. 1999-ல் கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டாரத்து மகளிர் ஆர்வலர்கள் பெண்களே வேட்பாளரை நிறுத்தும் முயற்சியில் இறங்கினார்கள். சைத்தூன் காசிம் செலாயாங்கில் நின்றார். தோற்றார், ஆனால் பெண்களின் பிரச்சினையை முதன்மையாக வைத்துத் தேர்தலில் நிற்க முடியும் என்று காட்டினார். இந்நாட்டில் பெண்களின் அரசியல் உரிமைக்கென்றே அமைப்பாக இயங்கியது எது என்று கேட்டால் நான் அந்த முயற்சியைத்தான் காட்டுவேன். வழக்கறிஞர் மன்றத் தலைவராக இருந்த அம்பிகா சீனிவாசன், தூய்மையான தேர்தல் கேட்ட பெர்சே 2.0 இயக்கத்துக்குத் தலைமை தாங்கி 2011 ஜூலை 9 அன்று கோலாலம்பூர்த் தெருக்களை நிறைத்தார். வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய் என்பது அதன் முதன்மைக் கோரிக்கை. அந்தக் கூட்டத்தில் சேலையிலும் சுடிதாரிலும் வந்த அம்மாக்கள் கண்ணீர்ப்புகையைத் தாங்கினார்கள்.

தமிழ்ப் பெண்கள் மக்களவைக்குப் போவது மட்டும் நெடுங்காலம் தள்ளிப்போனது. 2013-ல் பினாங்கின் பத்து கவானில் கஸ்தூரி பட்டு வென்றபோது, நேரடித் தேர்தலில் வென்ற முதல் இந்தியப் பெண் எம்.பி. என்று ஏடுகள் எழுதின. முதல் பொதுத்தேர்தலுக்கும் அதற்கும் இடையே 58 ஆண்டுகள். கட்சிகளின் மகளிர் பகுதிகள் கூட்டத்துக்கு ஆள் சேர்த்தன, உணவு ஏற்பாடு செய்தன, வாக்காளர் வீட்டுக் கதவைத் தட்டின. வேட்பாளர் பட்டியல் வரும்போது மேலவை நியமனம் ஒன்றோடு சமாதானப்படுத்தப்பட்டன. 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் 945 வேட்பாளர்களில் பெண்கள் 127 பேர். 222 இடங்களில் 30 பெண்கள் வென்றார்கள். 30 விழுக்காடு என்று ஆண்டாண்டாகப் பேசப்படும் இலக்கில் பாதியைக்கூட இது எட்டவில்லை.

அந்தத் தேர்தலில் இன்னொரு மாற்றம் நடந்திருந்தது. 2021 டிசம்பர் 15 முதல் வாக்குவயது 18 ஆயிற்று, வாக்காளர் பதிவு தானாகவே நடந்தது. பதியவே போகாத பெண்கள், கணவரோ மகனோ அழைத்துப் போனால்தான் போக முடிந்த பெண்கள் ஆகியோரின் பெயர்களும் பட்டியலுக்கு வந்தன. வாக்காளர் எண்ணிக்கை 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் பட்டியல் அடையாள அட்டை முகவரியைப் பின்பற்றுகிறது. கிள்ளான் வட்டாரத்தில் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களான பிறகு, மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்த பெண்கள் பலரின் அட்டையில் இன்றும் பழைய தோட்டத்தின் பெயரே இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் இப்போது லயம் இல்லை, பால்மரம் இல்லை. அவளுடைய வாக்கு மட்டும் அங்கே இருக்கிறது. தேர்தல் நாளில் பேரப்பிள்ளை காரில் கூட்டிப்போகாவிட்டால் அவள் போகமாட்டாள்.

2018-ல், 60 வயதைக் கடந்த, சிவப்பு அட்டை வைத்திருந்த 3,400-க்கும் மேற்பட்ட இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணிலேயே பிறந்தோ வளர்ந்தோ, இங்கேயே உழைத்து ஓய்ந்தவர்கள். அட்டைகூட இல்லாதவர்கள் அந்த எண்ணிக்கையில் சேரவில்லை. இவர்களுக்கு நம் சமூகமே உதவலாம். கோயில் திருவிழாவில் இரத்த அழுத்தம் பார்க்க முகாம் போடுகிறோம், இலவசக் கண்ணாடி தருகிறோம். அதே பந்தலில் ஒரு மேசை போட்டு, பிறப்புப் பத்திரமும் திருமணப் பதிவும் அட்டை முகவரியும் சரிபார்த்து, தேசியப் பதிவு இலாகாவுக்குக் கூடவே போய்வர இரண்டு பேரை நியமிக்க எந்தக் கோயில் நிர்வாகத்தாலும் முடியும். திருமணப் பதிவுக்கு உரிமம் பெற்ற கோயில்கள் நாட்டில் ஏற்கெனவே உண்டு. முதலில் கூப்பிட வேண்டியது பாட்டிமார்களை. 1957-ல் யார் பதிந்தார்கள், யார் பதியவில்லை, எந்தத் தோட்டத்தில் எந்தப் பெயரில் இருந்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.